அறை வாசலில் ஒரு கோடு

அறை வாசலுக்கு வந்ததும் தில்லைநாயகத்தின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடுக்குவாதம் முற்றினால் அப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அதைத் தாண்டக் கால் தானாக எழும்பும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவர் மனைவி வசுமதி தெருவாசலில் கோலம் போட்ட கையோடு, மிச்சப் பொடியில் அறை வாசலிலும் ஒரு கோடு இழுத்துவிடுவாள். அவர் வாய்க்காலைத் தாண்டுகிறவர்போல முழங்காலைத் தூக்கி வைத்து வெளியே வருவார். வந்தால் எதையாவது கொட்டுவார், விழுவார், அவள் போகுமிடமெல்லாம் பின்னாலேயே நிற்பார்.

இன்று விடிந்ததும் விடியாததுமாக அவருடைய படுக்கை விரிப்பை இரண்டாவது தடவையும் அலசிப் போட்டுவிட்டு, காப்பியோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் அறை வாசல்வரை வந்து நின்றுவிட்டார்.

“வசு, கோட்டைக் காணோமே.”

“ஈரம் பட்டிருக்கும்ங்க. இருங்க, போடுறேன்.”

அவள் எழுந்திருக்கவில்லை. காப்பி சூடாக இருந்தது. சூடாகக் குடித்து எவ்வளவோ நாளாயிற்று. நிலையைப் பிடித்திருந்த அவர் கை, யாரோ கதவைத் தட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தது. அவர் தரையைப் பார்த்தார், ஈரமே இல்லை. பிறகு அவள் பாதத்தைப் பார்த்தார். குதிகாலில் கோலப்பொடி அப்பியிருந்தது.

அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். நோயில் போன வருஷமே இறுகிப்போன முகம் அது, ஒன்றும் தெரியவில்லை.

“மெதுவாவே குடி,” என்றார். “நான் எங்க போயிடப் போறேன்?”