காந்தம் ஒட்டிய கத்தி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் பட்டாசு கம்பெனி கேட்டுக்கு வெளியே மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழும்போது யாரால் சிரிக்க முடியும்? கொஞ்சம் பொறுங்கள்.

எம். புதுப்பட்டியில் காலை எட்டு மணி. போர்மேன் சங்கிலிமுத்து அவளுடைய மடக்குக் கத்தியை விரித்து, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். டொக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இரும்பு! மேல பித்தளைக் கலர்ல முலாம். இதோட திரி வெட்டுற ரூமுக்குள்ள போயிருந்தா ஒரு பொறி போதும். உள்ள இருவது பேரு இருக்காக. யாரு வாங்கிக் குடுத்தா?"

மாடத்தி ஒரே ஒரு தடவை, தன்னை ஏற்றி வந்த கம்பெனி வேன் பக்கம் பார்த்தாள்.

"நாந்தான் வாங்குனேன் அண்ணாச்சி. பித்தளைன்னு நெனச்சிட்டேன்."

"நெனப்பீக. இரும்பு கொண்டாந்தா வேலை கெடையாதுன்னு தெரியும்ல? வீட்டுக்குக் கெளம்புங்க."

"மக ஓவியாவுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருசம் கெடக்கு அண்ணாச்சி..."

சங்கிலிமுத்து திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆபீசுக்குள் போய்விட்டார்.

"கல்லு மனசுக்காரன்" என்று முனகினான் வேன் டிரைவர் முனியராஜ். முனகினானே தவிர, வேனை விட்டு இறங்கவில்லை. கத்தியை வாங்கி வந்தவனே அவன்தான்.

முந்தின நாள் சிவகாசியில், சோலைமலை கடை. "பித்தளை மடக்குக் கத்தி ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி" என்று மாடத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். சோலைமலை இரண்டை எடுத்துப் போட்டார். இரண்டுக்கும் ஒரே மரப்பிடி, ஒரே மஞ்சள் மினுக்கு. முனியராஜ் நகத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்று வழுக்கியது. இன்னொன்று சீவியது.

"கம்பெனிக்குன்னா அந்த மொண்ணைய எடு. இது வீட்டுக்கு" என்றார் சோலைமலை, மூக்கால்.

முனியராஜுக்குக் காதில் விழும் குரலெல்லாம் அப்படியே வாய்வழியாக வந்துவிடும். "கம்பெனிக்குன்னா அந்த மொண்ணைய எடு" என்று அவனும் மூக்கால் சொன்னான். கடையே சிரித்தது. குரலைப் பிடித்தவன் சேதியைக் கோட்டை விட்டான். அக்காவுக்குக் கை வலிக்காமல் வெட்டட்டும் என்று கூரானதையே எடுத்து வந்தான்.

இப்போது உள்ளே போய் ஒத்துக்கொண்டால் வேன் வேலை போகும். அடுத்த மாதம் கல்யாணம். சும்மா இருந்தால் அக்கா வேலை போகும்.

முதலாளி ஆர்டர் பிடிக்க மெட்ராஸ் போயிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை மணிமுத்துவிடம் போனை வாங்கினான்.

"அண்ணே, சத்தம் காட்டாம வேடிக்கை பாருங்க. இன்னைக்குப் போர்மேனு முழிக்கிற முழியில ஊரே சிரிக்கப் போகுது."

தொண்டையை இரண்டு தரம் செருமினான். முதலாளி எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"ஹ்ம்... ஹ்ம்... யாரு, சங்கிலியா? மொதலாளி பேசுதேன். இது வேற நம்பரு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மொதலாளி. எங்க இருக்கீக?"

"மெட்ராஸ்லதான்யா. மாடத்தியை வெளிய நிறுத்திட்டியாமே? உள்ள விடு."

"காந்தம் ஒட்டிருச்சு மொதலாளி. ஒட்டுனா ஒருத்தரை நிறுத்தியே ஆகணும்னு நீங்கதான சொல்லியிருக்கீக? அவளை விட்டுட்டா, வேற யாரை நிறுத்தட்டும்?"

முனியராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. கேட்டுப் பக்கம் பார்த்தான். மாடத்தி சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அவன் பேரை இன்னும் அவள் சொல்லவில்லை.

"வாங்கிக் குடுத்தவனை நிறுத்து."

"தானே வாங்குனேன்னுல்ல சொல்லுதா?"

"பொய் சொல்லுதாய்யா. வாங்கிக் குடுத்தது வேன்கார முனியராஜு."

"அம்புட்டுத் தூரத்துல இருக்கிற உங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சது மொதலாளி?"

மணிமுத்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார். முனியராஜ் சிரிக்கவில்லை. குரல் நழுவி அவனுடையதாக மாறப் பார்த்தது. மறுபடி செருமினான்.

"எனக்குத் தெரியாம அங்கன என்னய்யா நடக்கும்? அவனை நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிரு. அந்தம்மா மேல தப்பு இல்ல. உள்ள விடு."

"சரிங்க மொதலாளி."

பத்து நிமிடத்தில் சங்கிலிமுத்து வெளியே வந்தார். மாடத்தியிடம் ஒரு மொண்ணைக் கத்தியை நீட்டினார்.

"அசல் பித்தளை. கம்பெனிக் கத்தி. செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள போங்க."

அவள் கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

அவர் வேனை நோக்கி வந்தார். முனியராஜ் கேட்காமலே சாவியை நீட்டினான்.

"என்னலே இது?"

"வண்டிச் சாவி அண்ணாச்சி."

"அதை எதுக்கு எங்கிட்ட நீட்டுத? நாளைக்கு ஆறரைக்கே வேன் நிக்கணும்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"இல்லியே அண்ணாச்சி... போன்ல என்னை வர வேண்டாம்னுல்ல சொன்னாரு?"

சங்கிலிமுத்துவின் மீசை லேசாகத் துடித்தது.

"அது போன்ல பேசுன மொதலாளிலே. நான் சொல்லுறது, விடியக்காலை ரயில்ல வந்து இறங்கி, ஏம் பக்கத்து நாற்காலியில உக்காந்து, தான் பேசுறதைத் தானே ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த மொதலாளி."