பெண்கள் கேட்கக் கூடாத வரிகள்

சவப்பெட்டியை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது அல்மீட்டாவை எழுந்து வெளியே போகச் சொன்னார்கள்.

சொன்னவன் ராயல் பெட்டிஃபோர்ட். பல் டாக்டர். முப்பது வயது. கறுப்பு மாணவர்கள் தொடங்கிய சகோதர சங்கத்தின் இந்தியானாபொலிஸ் கிளைக்கு இந்த வருடத் தலைவன். வெள்ளைக் கையுறை போட்ட கையை நெஞ்சில் வைத்து, குனிந்து, மரியாதையாகத்தான் சொன்னான்.

மரியாதையாகச் சொன்னால் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"அம்மா, இனிமே எங்க சடங்கு. பொம்பளைங்க கேக்கக் கூடாது. விதி அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க."

"அவரு என் புருஷன்பா. நான் பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கேன். ஒரே ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

ராயல் திரும்பிப் பார்த்தான். சுவரோரம் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஒன்பது மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். வக்கீல்கள், டாக்டர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள். எல்லாரும் தத்தம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிரென்ஷா அண்ணன் உசிரோட இருந்தா அவரே உங்களை அனுப்பியிருப்பாரும்மா. விதியை எழுதின ஏழு பேர்ல அவரும் ஒருத்தர்."

உண்மைதான். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்த விதியை எழுதியது அவளுடைய சாப்பாட்டு மேசையில். கறுப்பு மாணவனுக்குப் பல்கலைக்கழக விடுதியில் கட்டில் கிடையாது. வெள்ளைக்காரப் பையன்களின் சங்க வீட்டுக்குள் அவன் நுழையலாம், தட்டுக் கழுவ. தட்டுக் கழுவிவிட்டு ஏழு பேரும் அவள் புருஷன் தாடியஸ் கிரென்ஷாவின் ஒற்றை அறை வீட்டுக்கு வருவார்கள். நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று மேசையைக் குத்திக் குத்திப் பேசுவார்கள்.

பகலெல்லாம் ஊரார் படுக்கை விரிப்புகளைத் துவைத்த கையால் அவள் அவர்களுக்குப் பீன்ஸும் சோள ரொட்டியும் வைப்பாள். சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவன் தொண்டையைச் செருமுவான். அவள் சால்வையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். ரகசியம் பேசி முடிக்கும்வரை துவைக்கிற தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பாள், பனி கொட்டினாலும்.

ஏழு எழுபதானது. இன்று நூற்றுப் பன்னிரண்டு கிளைகள்.

இந்த ஒரு நாளாவது உள்ளே இருக்க விடுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

தாடியஸின் தங்கை ஜெனோபியா வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க அண்ணி. சொர்க்கத்து வாசல்லயும் இவங்க ஒரு ஆளைக் கையுறை போட்டு நிறுத்தியிருப்பாங்க, நம்மளைத் தடுக்க."

யாரோ ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

அல்மீட்டா தாடியஸின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு வெளியே வந்தாள். பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

மலிவான மரக்கதவு. உள்ளே நாற்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"பதினோரு இரவுகள் எங்களோடு இருந்தாய்..."

அல்மீட்டாவின் உதடுகள் அசைந்தன. அவர்களோடு சேர்ந்து அல்ல, ஒரு சொல் முன்னதாக.

"உன் கைகளை ஊதி ஊதிச் சூடாக வைத்தோம். இனி உனக்குக் குளிராது..."

ஜெனோபியா அவள் உதடுகளையே பார்த்தாள். பிறகு கிசுகிசுத்தாள்.

"அடி ஆத்தீ! அண்ணன் ரகசியத்தை உங்ககிட்ட உளறிட்டாரா?"

"அவரு எங்க சொன்னாரு? நான்தான் அவருக்குக் குடுத்தேன்."

சங்கம் தொடங்கி இரண்டாம் வருடம் அந்த ஏழு பேரில் ஒருவன் காசநோயில் செத்தான். அடக்கத்தில் சொல்ல அவர்களிடம் சொற்கள் இல்லை. கிரேக்கம் படித்தவர்கள், லத்தீன் படித்தவர்கள், ஒருவனுக்கும் ஒரு வரி வரவில்லை. தாடியஸ் அவள் எழுதிப் பைபிளுக்குள் வைத்திருந்த தாளைக் கேட்டான். ஒரு நாளைக்கு மட்டும் என்றான். கொடுத்தாள்.

அந்தத் தாள் இப்போது தலைமை அலுவலகத்து இரும்புப் பெட்டியில் இருக்கிறது. திருப்பிக் கேட்டு இரண்டு முறை கடிதம் போட்டாள். பெண்களுக்குக் காட்ட அனுமதியில்லை என்று இரண்டு முறையும் அழகான தாளில் பதில் வந்தது.

பதினோரு இரவுகள் என்பது ஒரு நல்ல மனிதனின் பதினோரு குணங்கள் என்று புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர்கள் பாடம் எடுக்கிறார்கள். ஒரு பேராசிரியர் அதைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார்.

குணமுமில்லை, ஒன்றுமில்லை. அவளுக்கு ஜனவரியில் பிறந்த பெண் குழந்தை. அறையில் எரிக்கக் கரி இல்லை. பதினோரு இரவுதான் தாக்குப்பிடித்தது.

புதைத்த அன்று பாதிரியார் பனியில் மாட்டிக்கொண்டார். தாடியஸுக்கு லீவு கிடைக்கவில்லை. அல்மீட்டா எழுதி எடுத்துப்போனதைக் குளிரில் நாக்கு புரளாமல் மடித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். அந்தக் குழிக்கு முன்னால் அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

உள்ளே கடைசி வரிக்கு வந்துவிட்டார்கள்.

"தூங்கு, சகோதரனே."

அல்மீட்டா கதவில் நெற்றியை வைத்து, அந்தக் கடைசிச் சொல்லின் இடத்தில், தாளில் முதலில் இருந்த பெயரைச் சொன்னாள்.

"டெல்ஃபீன்."