பட்டாளத்துத் தாத்தா

"இன்னும் எத்தினி படி கீதுண்ணா? முட்டி கழண்டு கையில வந்துடும் போல."

சிவகுமார் நின்று மூச்சு வாங்கினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் முப்பது வருடமாக ஹார்டுவேர் கடை கல்லாவில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. கோஹிமா போர்க் கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது.

"ரெண்டு வரிசைதான் சிவா. மெதுவா வா."

சொன்னவர் சாலமோன். செம்பாக்கத்தில் சிவகுமாரின் அடுத்த வீட்டுக்காரர், ரிட்டயர் ஆன பள்ளி ஆசிரியர். கையிலிருந்த சீட்டில் குறித்து வைத்திருந்த வரிசை எண்ணை மறுபடியும் பார்த்துக்கொண்டார். 

சாலமோனின் தாத்தா ஆபேல் என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பட்டாளத்துத் தாத்தா என்றால் சின்னப் பிள்ளையும் கல்லறையைக் காட்டும். உலகப் போரில் கோஹிமாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டுவிட்டு உயிரோடு திரும்பியவர் என்பது ஊரறிந்த கதை. தாம்பரத்தில் அவருடைய கல்லறையில் 'போர்வீரர்' என்று செதுக்கியே வைத்திருக்கிறார்கள். அந்தச் சண்டை நடந்த இடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். துணைக்கு வா என்று சிவகுமாரை வம்படியாக இழுத்து வந்தவர் சாலமோன்.

"நாளு பாத்தீங்களே ஒரு நாளு. புரட்டாசி அமாவாசை. தர்ப்பணத்தை வுட்டுட்டு ஊர் சுத்தக் கெளம்பிட்டியான்னு வூட்டுக்காரி கோகிலவாணி ஒரே பேஜார் பண்ணிட்டா."

"அப்பாவுக்கு யாரு கொடுக்கறா?"

"தம்பி பாத்துக்குவான். ஆனா எங்க வூட்டுத் தர்ப்பணம் பாதிதாண்ணா. ஐயரு அப்பா பேரைக் கேப்பாரு, சொல்லுவோம். தாத்தா பேரைக் கேப்பாரு. துளசிங்கம்னு சொல்லுவோம். காலமாயிட்டாரான்னு கேப்பாரு. தெரியாது சாமிம்போம். அப்ப தாண்டிடுங்கன்னு அடுத்த பேருக்குப் போயிடுவாரு. எங்க அப்பாவும் அப்படித்தான் தாண்டினாரு, நானும் தாண்டிக்கினு கீறேன்."

சாலமோன் அடுத்த படியில் ஏறினார்.

"இருபது வயசுல பொண்டாட்டி புள்ளய வுட்டுட்டு ஓடினாராம். ரங்கூன்ல வேற குடும்பம்னாங்க. ஆயா சாவற வரைக்கும் பொட்டு எடுக்கல. ஸ்கூல்ல நான் ஓடிப்போனவன் பேரன். நீங்க பட்டாளத்தார் பேரன்." சிவகுமார் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "கோவம்லாம் போயிடுச்சுண்ணா. இன்ன எடத்துல செத்தாருன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா போதும். ஒரு கை எள்ளும் தண்ணியும் வுட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

"உங்க தாத்தா நல்லவராத்தான் இருந்திருப்பார்," என்றார் சாலமோன்.

"உங்களுக்கு நல்ல மனசு, அப்படித்தான் சொல்லுவீங்க."

லேசாகத் தூற ஆரம்பித்தது. புல்வெளியில் வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு உலோகத் தகடு, அதில் ஒரு பெயர், ஒரு வயது. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இவர்களையெல்லாம் யார் யார் வாசலில் நின்று தேடினார்களோ என்று சிவகுமார் நினைத்துக்கொண்டார்.

சாலமோன் வரிசையின் கடைசிக் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"படி சிவா."

சிவகுமார் குனிந்து, தகட்டில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்தார். மேலே ஒரு சிலுவை. கீழே படை எண். அதற்கும் கீழே இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்.

"ஆபேல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி நாலு, மே மாசம். வயசு இருபத்திரெண்டு. அட, உங்க தாத்தா பேரு. இது யாரோ வேற ஆபேல் போலண்ணா."

"வேற ஆபேல் இல்ல. செத்துட்டார்னு அப்ப வந்த தந்தி எங்க வீட்டுப் பெட்டியில இருக்கு, அதுலயும் இதே பேரு, இதே நம்பர்தான்."

"அது எப்படிண்ணா? தொண்ணூத்தொண்ணுல உங்க தாத்தா சவப்பெட்டிக்கு நானும்தானே தோள் குடுத்தேன்?"

சாலமோன் ஈரப் புல்லில் முழங்காலிட்டார். பிறகு தோள்பையைத் திறந்தார். மெழுகுவர்த்தி எடுக்கப்போகிறார் என்று எதிர்பார்த்த சிவகுமாரின் முன்னால் ஒரு செம்பு, தண்ணீர் பாட்டில், தர்ப்பைக் கட்டு, கறுப்பு எள் பொட்டலம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து புல்லில் உட்கார்ந்தன.

"இதெல்லாம் இன்னாத்துக்குண்ணா உங்களுக்கு?"

"எனக்கில்ல, உனக்குத்தான். சட்டையைக் கழட்டு சிவா." சாலமோன் செம்பில் தண்ணீரை ஊற்றினார். "பட்டாளத்துக்குக் கிளம்பின அன்னிக்கு எங்க தாத்தா தாம்பரம் ஸ்டேஷன்லயே பயந்துபோய் அழுதிருக்கார். வழியனுப்ப வந்த கூட்டாளி அவரோட காகிதத்தை வாங்கிக்கிட்டு, ஆபேல்னு கூப்பிட்டப்ப கையைத் தூக்கிட்டு வண்டி ஏறிட்டார். எங்க தாத்தா நெல்லூர்ப் பக்கம் ஒளிஞ்சிருந்துட்டு, சண்டை முடிஞ்சதும் பட்டாளத்துலேருந்து வந்தவர் மாதிரி வந்து நின்னார், தந்திதான் தப்பா வந்துடுச்சுன்னு ஊரும் நம்பிடுச்சு. எல்லாத்தையும் எழுதி பைபிள் அட்டைக்குள்ள வெச்சிருந்ததைப் போன மாசம்தான் பார்த்தேன். இந்தக் கல்லுல பேரு மட்டும்தான் எங்களது. இனிமே நீ தாத்தா பேரைத் தாண்ட வேண்டாம். இங்க படுத்திருக்கறவர் துளசிங்கம்."