வந்து போட்டவர்கள்

விரலில் மை இன்னும் காயவில்லை. ஊதிக்கொண்டே பள்ளிக்கூட வாசலைத் தாண்டினான்.

நூறு மீட்டர் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே அந்தக் கல்லூரிப் பேராசிரியை நின்றிருந்தாள். ஒரு கையில் குடை. ஒரு கையில் நோட்டு.

பிழைக்கப் போன சனம் ஏன் ஓட்டுப் போட ஊருக்கு வருவதில்லை?

இருபது வருசமாக அவளுக்கு இதுதான் ஆராய்ச்சி. செங்கல் சூளை, கட்டட வேலை, கரும்பு வெட்டு என்று அவன் போன இடமெல்லாம் வந்து கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு சாக்குச் சொல்லியிருக்கிறான் அவன்.

இந்தத் தடவை வந்துவிட்டான்.

விரலை நீட்டிக் காட்டினான். அவள் சிரித்து, நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

அப்போதுதான் அவள் விரலைப் பார்த்தான். வெறும் விரல்.

"டீச்சர், நீங்க போடலையா?"

"எனக்கு மதுரையில ஓட்டுண்ணே. எலெக்சன் அன்னிக்கு இப்படித்தான், எங்கயாவது நின்னு எண்ணிக்கிட்டிருப்பேன். ஒரு தடவகூடப் போட்டதில்ல."

"நல்லாருக்கு. எங்கள மட்டும் இருவது வருசமா நோண்டுனீங்க."

மணி மூன்றரை. ஆறு மணி வரைக்கும் போடலாம். மதுரை பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"நோட்டக் குடுங்க. நான் நிக்கிறேன். நீங்க போயி ஓட்டப் போடுங்க."

"ஆளுக்கு ஒரு கோடு போதும்ணே," என்று பஸ் படியில் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனாள்.

கோடு போட அவனுக்கு மனசில்லை. நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன். கோடும் கைநாட்டும் அதற்கு முந்தின கதை.

வெளியே வருகிற எல்லோரையும் அவனுக்குத் தெரியும். பெயராகவே எழுதினான்.

ராக்கு. பூமிநாதன். இருளாயி.

சித்தாள் வேலைக்குப் போய் எட்டு வருசம் கழித்து வந்த பஞ்சவர்ணம்.

"என்னப்பா, சீமெண்ணெய்க்குப் பேர் எழுதுறியா?" என்றான் சேவுகன்.

"ஆமா. உனக்கு இல்ல."

சொல்லிக்கொண்டே சேவுகன் பெயரையும் எழுதினான்.

கால் கடுத்தது. உட்காரவில்லை.

ஆறு மணிக்குப் போலீஸ்காரர் கேட்டைச் சாத்தினார். போன் அடித்தது. டீச்சர்தான்.

"அண்ணே, இங்க கேட்டச் சாத்திட்டாங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். வரிசையில. டோக்கன் குடுத்துட்டாங்க."

நோட்டில் அடுத்த வரியில் பேனாவை வைத்தான். கை நின்றது.

"டீச்சர், உங்க பேரு என்ன?"