குறுக்குக் கேள்வி

“இந்தப் பொம்பளைக்கு வாயே வலிக்காதா?” டோரீன் கணவரின் காதில் முணுமுணுத்தாள்.

“விடு டோரி. ஊரைப் பாரு” என்றார் கிளிஃப்.

எப்படி விடுவது? தன் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று ஷெஃபீல்டில் காலை ரயிலேறி யார்க் நகரத்துக்கு வந்திருக்கிறாள். மழைகூட இன்றைக்கு ஒருநாள் ஒதுங்கிக்கொண்டது. கோட்டைச் சுவர்மேல் நடத்திக் கூட்டிப்போய் ஊர்க்கதை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதினைந்து பேரோடு இவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வழிகாட்டி பிக்கரிங்குக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஆனால் குரல் இருக்கிறதே, கணீரென்று மணியடிக்கும்.

அவர் ஒரு நொடி பேச்சை நிறுத்தினால் போதும். பச்சைக் கோட்டு போட்ட அந்தப் பெண் உள்ளே புகுந்துவிடுவாள்.

“சார், அப்புறம் கடல் வழியா வைக்கிங் ஆளுங்க வந்து ஊரைப் பிடிச்சாங்களாமே?”

“சார், துரோகிங்க தலையை வெட்டி இந்தக் கோட்டை வாசல்லதானே சொருகி வெச்சாங்க?”

“நல்லாக் கேட்டீங்கம்மா!” என்று பிக்கரிங்கும் முகம் மலர்ந்து தொடர்வார்.

“எல்லாம் தெரிஞ்சவளாக் காட்டிக்கிறா” என்று பல்லைக் கடித்தாள் டோரீன். “அவ்வளவு தெரிஞ்சா இவளே வழிகாட்டியா வர வேண்டியதுதானே?”

நூலகத்தில் இருபத்தாறு வருஷம் ‘உஷ்’ சொல்லியே பழகிய வாய் அது. பெரிய தேவாலயத்துக்கு எதிரே வந்ததும் அதற்குமேல் தாங்கவில்லை. பிக்கரிங் ஜன்னலைக் காட்டிக் கையைத் தூக்கினார், கொஞ்சம் யோசித்தார். அதற்குள் பச்சைக் கோட்டு, “சார், இந்தக் கண்ணாடியெல்லாம்...” என்று ஆரம்பித்தது.

“இந்தாங்கம்மா!” டோரீனின் குரலுக்குப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. “நாங்க ரயிலேறி வந்தது அவர் பேச்சைக் கேக்க. உங்க பேச்சைக் கேக்க இல்லை. மனுஷனைக் கொஞ்சம் பேச விடறீங்களா?”

இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிக்கரிங்கை ஒருமுறை பார்த்தாள். வந்த சொல்லை அப்படியே விழுங்கிக்கொண்டு, “தப்புதாங்க” என்றாள். கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டாள்.

“பிறந்தநாளும் அதுவுமா உனக்கு இது தேவையா?” என்றார் கிளிஃப்.

“யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்?” டோரீன் நிமிர்ந்து நடந்தாள்.

அடுத்தது ஷாம்பிள்ஸ் தெரு. மாடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்வதுபோல் சாய்ந்து நிற்கும் சந்து அது. பிக்கரிங் ஒரு கடைவாசலில் நின்று, மேலே தொங்கிய இரும்புக் கொக்கிகளைக் காட்டினார்.

“இந்தக் கொக்கிங்க...” என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

“இந்தக் கொக்கிங்க வந்து...”

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. குரலில் இருந்த மணியோசையைக் காணோம். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கைதட்டிய இருவரும் சத்தமில்லாமல் நழுவினார்கள். பிக்கரிங்கின் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே வந்து, டோரீனிடம் நின்றன.

“கண்ணு,” என்றார், தாழ்ந்த குரலில். “இப்போ நாம எங்க நிக்கிறோம்?”

டோரீனுக்குப் பதில் தெரியும். ஆனால் வழிகாட்டியே கேட்கிறாரே!

திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் அந்தப் பெண் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒரு கையைத் தூக்கியபடி நின்றாள். அவள் பார்த்தது பிக்கரிங்கை அல்ல. டோரீனை. ‘பேசட்டுமா?’ என்று கேட்டன அந்தக் கண்கள்.

இடி விழுந்ததுபோல் இருந்தது டோரீனுக்கு. தலையை மட்டும் அசைத்தாள்.

“சார், ஷாம்பிள்ஸ்ல அந்தக் காலத்துல வரிசையாக் கறிக்கடைதானாமே? கொக்கியில கறியைத் தொங்கவிடுவாங்களா?”

“நல்லாக் கேட்டீங்கம்மா!” பிக்கரிங்கின் முகத்தில் விளக்கு எரிந்தது. “இந்தச் சந்துல மட்டும் இருபத்தஞ்சு கறிக்கடை...”

மணி மறுபடி ஒலித்தது. டோரீன் காதில்தான் எதுவும் விழவில்லை. தலை குனிந்தவள் நிமிரவே இல்லை.

எல்லாம் முடிந்து, பிக்கரிங் தொப்பியைத் தூக்கி விடைபெற்றுப் போனார். கிளிஃபை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, டோரீன் தயங்கித் தயங்கி அந்தப் பெண்ணிடம் போனாள்.

“என்னை மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியலை. நாலு பேர் முன்னாடி உங்களை அப்படி...”

“அட, பரவால்லைங்க. நடுவுல ஒரு கேள்வி கேட்டுட்டா போதும், மிச்சமெல்லாம் அவருக்குத் தானா வந்துடும். அதுக்குத்தான் வியாழக்கிழமை தவறாம லீட்ஸ்லேர்ந்து ரயிலேறி வந்துடறேன்.”

“உங்க வீட்டுக்காரரா?”

“இல்லைங்க.”

“அப்பாவா?”

“எனக்கு அவர் யாருமே இல்லைங்க.” அந்தப் பெண் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தாள். “ரெண்டு மாசம் முன்னாடி உங்களை மாதிரிதான் ஊர் பாக்க வந்தேன். அன்னிக்கும் அவர் இப்படித்தான் பாதியில நின்னுட்டார். அப்போ கூட்டத்துல வாய்விட்டுச் சிரிச்சது நான்தாங்க.”