சிவப்பு சோப்பு

"சாவியை மட்டும் நீ தொடாதே தம்பி. திருப்பிக் காட்டணும்னா நானே காட்டறேன்."

சுல்ஃபத் மாடி அறைப் பூட்டைக் கழுவிக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். சாவி அவள் முந்தானைக்குள் இருந்தது. பூட்டு ரிப்பேர் செய்யும் ரஷீது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். மட்டாஞ்சேரியில் பூட்டுக்காரர்களைப் பற்றி யாரோ இவளை நன்றாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பயமுறுத்தியதில் பொய் எதுவும் இல்லை. வீட்டுக்காரர்கள் அசந்த நேரத்தில் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுப்பதுதான் ரஷீதின் நிஜமான தொழில். மெழுகில் அச்செடுத்தவன் எல்லாம் போலீசில் மாட்டிக்கொண்டான். இவன் கள்ளச்சாவியை அராவி முடித்ததும் சோப்பை மனைவி நசீபாவிடம் கொடுத்துவிடுவான். குளிக்கக் குளிக்கச் சாட்சி கரைந்துவிடும்.

பூட்டில் இருந்தது வெறும் துரு. ஒரு சொட்டு எண்ணெய் போதும். அவன் அதைச் சொல்லவில்லை.

"மேல என்ன லாத்தா வச்சிருக்கீங்க?"

"பழைய சாமான்."

"பழைய சாமானுக்கு ஏழு லீவர் அலிகார் பூட்டா?"

அவள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எங்கே என்று கேட்டதற்கு, பாலக்காட்டில் மாமி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு நிக்காஹ் பேசி முடித்திருப்பது கடைத்தெருவுக்கே தெரியும். ஜூ டவுனில் சுக்கு மண்டி வைத்திருக்கும் இவள் புருஷன் மகளுக்கு நகை வாங்கிப் பூட்டாமலா இருப்பார்? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அடுக்களையில் இறைச்சி வாசனைகூட இல்லை. சேர்த்துப் பூட்டி வைக்கிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டான்.

"உனக்குக் குழந்தைங்க இருக்கா தம்பி?"

"ஒரே மோள். நாலு வயசு."

இப்படிக் கேட்டு மனசை இளக்கப் பார்க்கிறாள் போலிருக்கிறது. அவன் பூட்டை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "கோளாறு சாவியிலதான். பல்லு தேஞ்சிருக்கு. அரம் போடலேன்னா ஒருநாள் உள்ளேயே முறிஞ்சு நிக்கும். அப்புறம் கதவைத்தான் உடைக்கணும்."

கதவை உடைப்பது என்றதும் அவள் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தாள். அதே நேரம் மாடியில் ஏதோ உருண்டு விழுந்தது. சாவியைத் தரையில் போட்டுவிட்டு அவள் மேலே ஓடினாள்.

பையில் இருந்த சிவப்பு சோப்பில் சாவி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

"பூனை," என்று திரும்பி வந்தவள், அவன் கையில் சாவியைப் பார்த்து நின்றுவிட்டாள். "தொட்டுட்டியா?"

"தொடாம எப்படி லாத்தா அரம் போடறது?"

அவள் திட்டவில்லை. செம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, கையைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ஒருமுறை கழுவியது போதாதென்று மறுபடியும் ஊற்றினாள். பணக்காரத் திமிர். திருடன் என்று வாயால் சொல்லாமல் கையைக் கழுவ வைக்கிறாள். அதற்காகவே அந்த அறையை வழித்து எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே சாவி தயார். சந்தேகம் வராமலிருக்க இரண்டு வாரத்துக்குமேல் பொறுத்திருந்தான். வியாழக்கிழமைதோறும் அஸர் தொழுகை முடிந்ததும் சுல்ஃபத் வீட்டைப் பூட்டிக்கொண்டு தர்காவுக்கு ஓதிய தண்ணீர் வாங்கப் போவதைக் கவனித்து வைத்திருந்தான். அப்படி ஒரு வியாழனில் பின்கதவின் தாழைக் கம்பியால் நெம்பித் திறந்து மாடி ஏறினான். அலிகார் பூட்டு முனகாமல் திறந்துகொண்டது.

உள்ளே பெட்டி இல்லை. ஜன்னலில் நனைந்த சாக்கு தொங்கியது. பாய் நிறைய வாடிய வேப்பிலை. அதன் மேல் ஒரு பெண் கிடந்தாள். முகம் எது, பொருக்கு எது என்று தெரியவில்லை. இமைகள் ஒட்டியிருந்தன.

"யாரு? உம்மாவா? தண்ணி தாங்க."

வைசூரி. முனிசிபாலிட்டிக்குத் தெரிந்தால் ஊருக்கு வெளியே கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை என்பதுதான் ஊரில் பேச்சு. அதனால்தான் பாலக்காடு. அதனால்தான் பூட்டு.

ரஷீது ஓடினான். சாவியை வழியிலிருந்த வாய்க்காலில் வீசினான். அவள் ஏன் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினாள் என்பது பாதி வழியில்தான் விளங்கியது. என் கை சுத்தம், அன்றைக்கே கழுவிவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

வாசலில் நசீபா நின்றாள். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"மோளுக்கு ரெண்டு நாளா காயுதே, இப்ப முகமெல்லாம் பொரிஞ்சிருக்கு பாருங்க. வேர்க்குருன்னு நினைச்சேன், ஆனா அன்னிக்கு நீங்க தந்த சிவப்பு சோப்பு முழுக்க இவளுக்குத்தானே தேச்சேன்."