வலது கை அளவு

"அந்த மட்டையை அரிசி டின்னுக்குப் பின்னால தள்ளுங்க, டாக்சி வந்து நின்னுடுச்சு!"

மங்களம் போட்ட சத்தத்தில் கோவிந்தசாமி டென்னிஸ் மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். வெள்ளிக் கோப்பைகள் காலையிலேயே சாக்குப் பைக்குள் புகுந்து கட்டிலுக்கடியில் போய்விட்டன.

"ரேடியோவையும் அணைச்சிடுங்க. நாளைக்கு ஃபைனல்னு நம்ம திலகவதி பேரைச் சொல்லித் தொலைக்கப் போறான்."

திலகவதி இரண்டு வருடமாகச் சிங்கப்பூரின் பெண்கள் டென்னிஸ் சாம்பியன். ஆனால் போன தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், "முட்டி தெரிய ஓடுற பொண்ணு எங்களுக்கு வேண்டாம்" என்று காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாலும் அந்தப் பேச்சு மங்களத்தைத் துரத்தியது. அதனால்தான் பினாங்கிலிருந்து இந்தச் சம்பந்தம் தானாகத் தேடி வந்ததும், "டென்னிஸ் கின்னிஸ்னு மூச்சு விடாதீங்க" என்று தரகர் மருதப்பன் எல்லார் வாயையும் கட்டிவிட்டார். மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்தே சரி சொல்லிவிட்டார். இன்று அவருடைய அம்மா பூ வைக்க வருகிறார்.

"சனிக்கிழமையில எவங்க பூ வைப்பாங்க? வேற நாளே கிடைக்கலையா அவங்களுக்கு?" என்று மங்களம் முணுமுணுத்தாள்.

"அம்மா, நீ சொன்னேன்னுதான் பேசாம இருக்கேன். ஆட்டத்தை விடச் சொன்னாங்கன்னா இந்தக் கல்யாணமே எனக்கு வேண்டாம்." பட்டுப்புடவைக்குள் திணறிக்கொண்டிருந்த திலகவதி சொன்னாள். சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் அவள்.

மருதப்பன் முன்னே வர, சரஸ்வதி அம்மாள் உள்ளே வந்தார். நல்ல உயரம். அந்தப் புழுக்கத்திலும் முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்தியிருந்தார். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே ஒரு மாதிரி இருந்தது.

"பொண்ணு வெயில்ல ரொம்ப அலையுமோ?"

"ஐயோ, இல்லீங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர். பஸ்ஸுக்கு நிக்கிறதோட சரி" என்றாள் மங்களம்.

திலகவதி விழுந்து கும்பிட்டாள். மங்களம் பாதம் நிறைய மருதாணி அப்பி வைத்திருந்தும், காலுறை போட்ட இடம் வெளுத்தும் அதற்கு மேலே கறுத்தும் கணுக்காலில் ஒரு கோடு தெரிந்தது. சரஸ்வதி அம்மாளின் கண் நேராக அங்கேதான் போய் நின்றது.

"பஸ்ஸுக்கு நின்னா கால்ல இப்படிக் கோடு விழுமா?"

"வடை சூடா இருக்கு, எடுத்துக்குங்க" என்று கோவிந்தசாமி தட்டை நீட்டினார்.

அந்த அம்மாள் வடையைத் தொடவில்லை. பூவை வைத்துவிட்டு, பையிலிருந்து சிவப்பு வெல்வெட் பெட்டியை எடுத்தார். உள்ளே இரண்டு தங்க வளையல்கள்.

"அளவுக்கு ரெண்டு கை வளையலும் வேணும்னு கேட்டிருந்தேன். வந்த ரெண்டும் ஒரே அளவா இருந்துச்சே?"

"ரெண்டு கையும் ஒண்ணுதானுங்களே" என்றாள் மங்களம்.

சின்ன வயதிலிருந்து மட்டை பிடித்துப் பிடித்துத் திலகவதியின் வலது கை, இடது கையைவிடத் தடித்துப் போயிருந்தது. சிராங்கூன் ரோடு வளையல் கடை சேக் தாவூது மட்டும்தான் அது தெரிந்தவர். ஒவ்வொரு கைக்கும் வேறு வேறு அளவு எடுத்துக் கொடுப்பார். பினாங்குக்கு அளவு அனுப்பும்போது மங்களம் பெரிய புத்திசாலியாக இடது கை வளையல்கள் இரண்டை அனுப்பிவிட்டாள். தங்கம் நெளிந்து கொடுக்காது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இடது கை வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியது.

"அந்தக் கையைக் குடும்மா."

"அதைக் கல்யாணத்தன்னிக்குப் போட்டுக்கலாமே" என்று மங்களம் குறுக்கே வந்தாள்.

"ஒத்தைக் கையில போட்டுட்டுப் போறதா? நல்லா இருக்கே!"

திலகவதிக்குப் பொறுக்கவில்லை. "வலது கைக்கு அது ஏறாதுங்க அத்தை. நான் டென்னிஸ் ஆடுறவ. நாளைக்கும் ஆடப் போறேன். கல்யாணம் ஆனாலும் விட மாட்டேன்."

மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது, இதுவும் போயிற்று என்று நினைத்தாள் மங்களம். ஆனால் நடுங்காமல் நீண்டிருந்த மகளின் கையைப் பார்த்ததும் அவளுக்குப் பயத்தைவிடப் பெருமைதான் பொங்கியது. இந்தப் பிள்ளையையா ஒளித்து வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"சும்மா ஆடுறவ இல்லீங்க. ரெண்டு வருஷமா சாம்பியன்" என்றாள் நிமிர்ந்து. "ஏங்க, அந்தக் கோப்பையை எல்லாம் வெளிய எடுங்க. பார்த்துட்டே போகட்டும்."

சரஸ்வதி அம்மாள் எழுந்து வந்தார். திலகவதியின் வலது கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, இரண்டாவது வளையலைத் தள்ளினார். அளவெடுத்துச் செய்தது போல அது மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது.

மங்களம் வாயைப் பிளந்தாள். "நான் அனுப்பின அளவு..."

"பொய்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. அதான் வலது கைக்கு என் அளவுலயே செய்யச் சொல்லிட்டேன்." சரஸ்வதி அம்மாள் போர்த்தியிருந்த முந்தானையை விலக்கி, இடதைவிடத் தடித்த தன் வலது கையைத் திலகவதியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "பினாங்குல நான் புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டு ஆடி வாங்கின கோப்பை ஒண்ணு வீட்டுல தனியாக் கிடக்கு. பேப்பர்ல இவ ஆடுற படத்தைப் பார்த்துட்டுத்தான் தரகரையே அனுப்பினேன். நாளைக்கு ஃபைனல் எத்தனை மணிக்கு?"